ஹேண்டிகேமில் படம் சரியில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

மாட்டுங்கா, செம்பூர், முலுண்ட் பக்கத் தமிழ் வீடுகளில் பீரோவுக்குள் ஒரு ஹேண்டிகேம் இருப்பது அபூர்வமில்லை. கொலு, பூணூல், வளைகாப்பு என்று ஏதாவது வந்தால் அது வெளியே வரும். விசேஷம் முடிந்து டிவியில் போட்டுப் பார்க்கும்போதுதான் புகார் கிளம்பும்: "கேமரா பழசாயிடுத்து, புதுசு வாங்கணும்." வாங்கினாலும் பாதிப் புகார் அப்படியே தொடரும். படம் கெடுவதற்குக் கேமராவின் வயசு காரணமாக இருப்பது குறைவு. வெளிச்சம், லென்ஸ் மேல் படிந்த அழுக்கு, மெனுவில் யாரோ மாற்றி வைத்த ஓர் அமைப்பு, இல்லையென்றால் படம் கேமராவிலிருந்து திரைக்கு வந்து சேர்ந்த வழி, இந்த நாலில் ஒன்றுதான் பெரும்பாலும் மாட்டும்.

முதலில், கோளாறு எங்கே நுழைந்தது?

குறை தெரிந்த அதே காட்சியைக் கேமராவிலேயே ஓட்டிப் பாருங்கள். அதன் சின்னத் திரையை மட்டும் நம்ப வேண்டாம். அந்த அளவில் எல்லாமே அழகாகத்தான் தெரியும். எச்டிஎம்ஐ கேபிள் போட்டு நேராக டிவியில் பாருங்கள். கேமராவில் இருக்கும் துளை பெரும்பாலும் மினி எச்டிஎம்ஐ அல்லது மைக்ரோ எச்டிஎம்ஐ, கேபிள் வாங்குமுன் அதைக் கவனியுங்கள்.

நேராகப் பார்க்கும்போது படம் நன்றாக இருந்தால் பதிவில் குறையில்லை. நடுவில் உள்ள எதையும் படிக்காமல் கடைசிப் பகுதிக்குப் போய்விடலாம். நேராகப் பார்த்தும் மோசமாக இருந்தால் இன்னொரு சோதனை: பகல் வெளிச்சத்தில், மொட்டைமாடி நிழலில், கேமராவை அசையாமல் வைத்து, சுவரில் ஒட்டிய செய்தித்தாளைப் பாதி ஜூமில் ஒரு நிமிஷம் எடுங்கள். பொடி எழுத்தும் தெளிவாக வந்தால் கேமரா ஆரோக்கியமாக இருக்கிறது, விசேஷ வீட்டு வெளிச்சத்தில்தான் சிக்கல். செய்தித்தாளும் மங்கலாக வந்தால் லென்ஸைச் சந்தேகப்படுங்கள்.

வீட்டுக்குள் எடுத்தால் படம் முழுக்கப் புள்ளி ஊர்கிறது

அதிகம் கேட்கப்படும் புகார் இதுதான். சுவரிலும் நிழலான மூலைகளிலும் மணல் நெளிகிற மாதிரி இருக்கும். வீட்டுக் கேமராவின் சென்சார் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. அதன்மேல் விழும் வெளிச்சம் போதாதபோது, கிடைத்த சிக்னலை மின்னணு முறையில் பெருக்கிக்கொள்ளும். கெயின் என்பது இதைத்தான். ஒவ்வொரு 6 டெசிபல் கெயினும் சிக்னலை இரண்டு மடங்காக்கும். 18 டெசிபல் என்றால் எட்டு மடங்கு. பெருகுவது படம் மட்டுமில்லை, அதோடு ஒட்டியிருக்கும் இரைச்சலும் எட்டு மடங்காகிறது. அந்த இரைச்சல்தான் ஊரும் புள்ளி.

அதனால் மருந்து மெனுவில் இல்லை, ஸ்விட்ச் போர்டில் இருக்கிறது. கூடத்தில் உள்ள எல்லா ட்யூப்லைட்டையும் போடுங்கள். இன்னும் போதாவிட்டால் ஓர் எல்இடி பேட்டன் (நீளக் குழல்) விளக்கை வெள்ளைச் சுவரையோ கூரையையோ பார்க்கத் திருப்பி வையுங்கள். வெளிச்சம் சுவரில் பட்டுத் திரும்பி வந்தால் முகத்தில் கடுமையான நிழல் விழாது. விளக்கு கேமரா நிற்கும் பக்கத்திலிருந்து வர வேண்டும், எதிர்ப்பக்கத்திலிருந்து அல்ல.

அடுத்தது ஜூம். சோபாவின் கடைசி மூலையில் உட்கார்ந்துகொண்டு, பூஜை அறை வரை ஜூம் போட்டு எடுக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. இந்த லென்ஸ்கள் அகலக் கோணத்தில் எஃப் 1.8 வரை திறக்கும், முழு ஜூமில் எஃப் 3.4 அளவுக்குச் சுருங்கிவிடும் (எஃப் எண் ஏற ஏறத் திறப்பு சிறிசாகும்). உள்ளே வரும் வெளிச்சம் கிட்டத்தட்ட நாலில் ஒன்றாகிறது. குறைந்ததை ஈடுகட்டக் கேமரா கெயினை ஏற்றும், புள்ளி பெருகும். எழுந்து பக்கத்தில் போய், ஜூமை வெளியே இழுத்து எடுங்கள். இதற்கு ஒரு பைசா செலவில்லை, ஆனாலும் சொன்னால் யாரும் எழுந்திருப்பதில்லை!

கொலு எடுக்கும்போது ஒரு தனித் தொல்லை. சீரியல் செட் மட்டும் எரிய, மற்ற விளக்கையெல்லாம் அணைத்துவிட்டால் நேரில் பார்க்க ரம்மியமாக இருக்கும். கேமராவுக்கோ விளக்குப் பொட்டுகள் வெளுத்து, பொம்மைகள் கறுத்துப்போகும். ட்யூப்லைட்டோடு முழுக் கொலுவையும் படியாக எடுத்து முடியுங்கள். பிறகு அணைத்துவிட்டு அரை நிமிஷம் சீரியல் செட் அழகை எடுத்துக்கொள்ளலாம்.

மெனுவில் ஆட்டோ ஸ்லோ ஷட்டர் என்று ஒன்று இருந்தால் அதை அணைத்து வையுங்கள். இருட்டில் அது ஷட்டரை, அதாவது ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சத்தை உள்ளே விடும் நேரத்தை, 1/25 நொடிக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தைக் கூட்டும். படம் பளிச்சென்று ஆகும், கும்மி அடிக்கும் கைகள் மட்டும் இழுபட்டுத் தெரியும். கெயினுக்கு உச்சவரம்பு வைக்கும் வசதி இருந்தால் 12 டெசிபலில் நிறுத்துங்கள். கொஞ்சம் இருட்டான படம் புள்ளி மொய்க்கும் படத்தைவிட எவ்வளவோ மேல் என்பது என் கட்சி.

ட்யூப்லைட் கீழே படம் துடிக்கிறது, குறுக்கே பட்டை ஓடுகிறது

கேமரா எங்கே வாங்கியது என்று முதலில் கேளுங்கள். நியூஜெர்சியிலிருந்து சித்தப்பா வாங்கிக்கொண்டு வந்ததா? அப்படியானால் பாதி விடை கிடைத்துவிட்டது.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஒவ்வொரு சுழற்சியிலும் இரண்டு தடவை உச்சம் வருவதால், சோக் போட்ட பழைய ட்யூப்லைட் நொடிக்கு 100 தடவை பிரகாசமாகி மங்கும். கண்ணுக்குத் தெரியாது. அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், அந்த ஊர்க் கேமராவும் நொடிக்கு 60 என்ற கணக்கில், வழக்கமாக 1/60 நொடி ஷட்டரோடு ஓடுகிறது. 1/60 நொடிக்குள் நம் ஊர் விளக்கின் துடிப்பு முழு எண்ணாக அடங்காது. ஒரு ஃப்ரேமில் இரண்டு உச்சமும் அடுத்ததில் ஒன்றும் விழுந்தால் வெளிச்சம் ஏறி இறங்கத்தானே செய்யும். சிமாஸ் சென்சார் படத்தை மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிப்பதால், அதே ஏற்ற இறக்கம் நகரும் பட்டைகளாகத் தெரியும்.

PAL (நம் ஊர் முறை), NTSC (அமெரிக்க முறை) என்று மாற்றும் வசதி மெனுவில் இருந்தால் PAL அல்லது 50 ஹெர்ட்ஸ் என்று வையுங்கள். ஆக்‌ஷன் கேமராக்களிலும் புதிய ரகங்கள் பலவற்றிலும் இது உண்டு. பழைய ஹேண்டிகேம்கள் பலவற்றில் கிடையாது, வாங்கிய நாட்டோடு முடிந்தது. அப்போது ஷட்டரைக் கையால் 1/100 நொடிக்கு வையுங்கள். 1/100 நொடிக்குள் சரியாக ஒரு முழுத் துடிப்பு அடங்கும். எந்த இடத்தில் தொடங்கினாலும் மொத்த வெளிச்சம் ஒன்றுதான், அதனால் ஆட்டம் நின்றுவிடும். நொடிக்கு 30 ஃப்ரேம் எடுக்கும் கேமராவானால் 1/50 வைத்தாலும் போதும், அதில் இரண்டு முழுத் துடிப்பு அடங்கும்; வெளிச்சமும் கூடுதலாகக் கிடைக்கும்.

இங்கேயே வாங்கிய கேமராவில் இந்தத் துடிப்பு வந்தால், யாரோ ஸ்போர்ட்ஸ் மோடில் போட்டு ஷட்டரை வேகமாக்கியிருப்பார்கள். 1/50க்குத் திருப்புங்கள், சரியாகிவிடும்.

எலக்ட்ரானிக் சோக் போட்ட ட்யூப்லைட்டில் இந்தத் தொல்லை இல்லை, அது நொடிக்குப் பல ஆயிரம் தடவை துடிக்கிறது. எல்இடியில் நல்லதும் உண்டு, மலிவான சுற்று வைத்து 100 ஹெர்ட்ஸில் துடிப்பதும் உண்டு. கல்யாண மண்டப மேடையில் டிம்மர் போட்ட வண்ண விளக்கு துடித்தால் 1/50, 1/100 எதற்கும் மசியாமல் போகலாம். விளக்குக்காரரிடம் சொல்லி அந்த ஒன்றை முழு வெளிச்சத்தில் வைக்கச் சொல்லுங்கள், இல்லையேல் அணைக்கச் சொல்லுங்கள். மெனுவோடு மல்லுக்கட்டி முகூர்த்தத்தைக் கோட்டை விட வேண்டாம்.

நிறம் தப்பாக வருகிறது

"மாட்டுப்பொண் முகம் ஏண்டா பச்சையா இருக்கு?" என்று மாமி கேட்டால், படம் முழுக்கவே பச்சையா என்று பாருங்கள். முழுப் பச்சை என்றால் நைட்ஷாட் ஸ்விட்ச் தவறுதலாக விழுந்திருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் படம் எடுக்கும் முறை. ஸ்விட்சைத் தள்ளினால் போதும்.

மஞ்சளாகவோ நீலமாகவோ வந்தால் ஒயிட் பேலன்ஸ், அதாவது வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் அமைப்பு, தப்பியிருக்கிறது. வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள், எண் குறைந்தால் மஞ்சள், ஏறினால் நீலம். குண்டு பல்பின் வெளிச்சம் 2700 முதல் 3200 கெல்வின் வரை, பகல் வெளிச்சம் 5600 கெல்வின் பக்கம். மும்பை ஃப்ளாட்டில் ஒரு பக்கம் ஜன்னல் பகல், மறு பக்கம் மஞ்சள் எல்இடி, நடுவில் ஆறடி தூரத்தில் நம் ஆட்கள். ஆட்டோவில் விட்டால் கேமரா எதை நம்புவது என்று தெரியாமல் அலைந்து, ஒரே காட்சிக்குள் நிறம் மாறிக்கொண்டே போகும். இரண்டு வெளிச்சத்தில் ஒன்றை விடுங்கள். திரையை இழுத்து மூடிவிட்டு விளக்கில் எடுங்கள், அல்லது விளக்கை அணைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் எடுங்கள். அப்புறம் ஆட்கள் உட்காரும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, திரை நிறையக் காட்டி, மேனுவல் ஒயிட் பேலன்ஸை அழுத்துங்கள். தாளுக்குப் பதில் வேட்டியைக் காட்டுகிறவர்கள் நீலம் போட்ட வேட்டியையும் சந்தன நிறப் பட்டு வேட்டியையும் தவிருங்கள். நீலத்தை வெள்ளை என்று கேமரா எடுத்துக்கொண்டால் எல்லார் முகமும் மஞ்சளடித்துவிடும்.

அரக்குப் பட்டுப்புடவை ஒரே சிவப்புத் திட்டாகி, நெசவே தெரியாமல் போவது ஒயிட் பேலன்ஸ் கோளாறு அல்ல. சிவப்பு மட்டும் உச்சம் தாண்டிவிட்டது. எக்ஸ்போஷரை (படத்தின் மொத்த வெளிச்ச அளவை) ஒரு படி இறக்கினால் ஜரிகையும் நெசவும் திரும்பி வரும்.

முகம் கறுப்பு, பின்னால் வெள்ளை

ஊஞ்சலை ஜன்னலுக்கு முன்னால் மாட்டியிருப்பார்கள், வேறென்ன. முடிந்தால் நீங்கள் இடம் மாறி ஜன்னல் உங்கள் முதுகுப் பக்கம் வருமாறு நில்லுங்கள். முடியாவிட்டால் பேக்லைட் பொத்தானை அழுத்துங்கள். தொடுதிரை இருந்தால், தொட்ட இடத்தை மட்டும் வைத்து வெளிச்சம் அளக்கும் ஸ்பாட் மீட்டரைத் தேர்ந்து முகத்தின் மேல் விரலை வையுங்கள். ஜன்னல் வெளுத்துப்போகும், போகட்டும். எதிர்க் கட்டடத்தை யார் பார்க்கப் போகிறார்கள்?

ஹோமத்தில் வேறு மாதிரி. தீ எழும்போது படம் கறுக்கும், தணியும்போது வெளுக்கும். ஆட்டோ எக்ஸ்போஷர் நெருப்பைத் துரத்துகிறது. முகங்களைப் பார்த்து எக்ஸ்போஷரை ஒரு தடவை அமைத்துப் பூட்டிவிடுங்கள். தாராவி 90 அடி சாலையில் பொங்கல் எடுக்கப் போகிறவர்களுக்கும் இதேதான்: ஜனவரி வெயில், அடுப்புப் புகை, வெள்ளி மாதிரிப் பளபளக்கும் பானை எல்லாம் ஒரே சட்டத்தில் வரும். வெளிச்சம் மிஞ்சிய இடத்தில் சீப்ரா கோடு காட்டும் வசதி இருந்தால், நெற்றியில் கோடு வராத அளவுக்கு எக்ஸ்போஷரை இறக்குங்கள்.

ஃபோகஸ் முன்னும் பின்னும் அலைகிறது

ஆட்டோ ஃபோகஸ் ஒளிக்கும் இருளுக்கும் உள்ள மாறுபாட்டைத் தேடும் கருவி. இருட்டான அறையில் கற்பூர ஆரத்தி மட்டும் எரிந்தால் அதற்குப் பிடிப்பே கிடைக்காது. மேனுவலுக்கு மாற்றி, முழு ஜூம் போட்டு முகத்தில் ஃபோகஸ் வைத்து, பிறகு ஜூமை வெளியே இழுங்கள். நீங்களும் அவரும் நகராதவரை தெளிவு நிற்கும். முழு ஜூமில் பெரும்பாலான ஹேண்டிகேம்களுக்கு ஒரு மீட்டர் இடைவெளியாவது வேண்டும், அதற்குள் தாலியை எடுக்கப் போனால் மங்கல்தான். நெருக்கத்தில் எடுக்க அகலக் கோணம் வைத்துக் கிட்டே போங்கள்.

டிஜிட்டல் ஜூமை மெனுவில் நிரந்தரமாக அணைத்து வையுங்கள். அது இருக்கும் படத்தை வெட்டிப் பெரிதாக்குவது மட்டுமே. பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண்ணை மறந்து, ஆப்டிகல் ஜூம் எவ்வளவு என்று பாருங்கள்.

எல்லாமே புகைக்குள் எடுத்த மாதிரி இருக்கிறது

மும்பைக்கே உரிய நோய் இது, மூன்று ரகம் உண்டு.

ஒன்று, சும்மா அழுக்கு. குழந்தையின் விரல் ரேகை, தாளிக்கும் எண்ணெய்ப் புகை, ஹோமப் புகை. விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரிந்தால் இதுதான். முதலில் ரப்பர் பல்பால் காற்றடித்துத் தூசியை விரட்டுங்கள், பிறகு மைக்ரோஃபைபர் துணி. தூசி இருக்கும்போதே வேட்டி நுனியால் தேய்த்தால் கீறல் விழும். எண்ணெய்ப் படலத்துக்கு லென்ஸ் திரவம் வேண்டும். அதைத் துணியில் விட்டுத் துடையுங்கள், கண்ணாடி மேல் நேராக விடாதீர்கள். மழைக்காலத்தில் மரைன் டிரைவ் அலையை எடுத்துவிட்டு வந்தால் அன்றே துடைத்துவிடுங்கள், உப்பு உலர்ந்தால் துணியோடு சேர்ந்து உரசும்.

இரண்டு, பனித்தல். ஏசி ஹாலிலிருந்து ஜூன் மாதப் புழுக்கத்துக்குள் கேமராவைக் கொண்டுவந்தால் குளிர்ந்த கண்ணாடியில் ஈரம் படியும். வெளியே வருமுன் பைக்குள் போட்டு ஜிப்பை மூடி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் அப்படியே விடுங்கள். பை மெல்லச் சூடாகும், ஈரம் பையின் மேல் படியும். டேப் கேமரா என்றால் ஈர எச்சரிக்கை காட்டி ஓட மறுக்கும். கேசட்டை எடுத்துவிட்டு, மூடியைத் திறந்து வைத்துக் காத்திருங்கள். ஹேர் டிரையர் வேண்டாம்.

மூன்றாவது பூஞ்சை, இதுதான் பயப்பட வேண்டியது. லென்ஸுக்குள் டார்ச் அடித்துச் சாய்வாகப் பாருங்கள். நூல் நூலாகக் கிளை விட்டிருந்தால் பூஞ்சை பிடித்துவிட்டது. ஜூன் முதல் செப்டம்பர் வரை பீரோவுக்குள், துணிகளுக்கு நடுவில், தோல் உறைக்குள் கிடக்கும் கேமராவில் இது வளரும். உள்ளே இருப்பதால் நம்மால் துடைக்க முடியாது. ஆரம்பத்திலேயே பிரித்துச் சுத்தம் செய்தால் பிழைக்கும். நாளானால் கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும். ஃபோர்ட்டில் போரா பஜார் பக்கம் கேமராக் கடைகள் இருக்கின்றன, அங்கே கேட்டுப் பாருங்கள். சுத்தம் செய்யும் கூலி, அதே கேமரா பழையதாக விற்கும் விலையைத் தாண்டினால் விட்டுவிடுங்கள்.

வருமுன் காக்க, அப்பளம் போட்டு வைக்கும் காற்றுப் புகாத டப்பா போதும். உள்ளே சிலிக்கா ஜெல், கூடவே ஒரு சின்ன ஈரப்பதமானி. 40 முதல் 50 சதவீதத்துக்குள் நின்றால் நல்லது. ஜெல் நிறம் மாறினால் மாற்றுங்கள். பாச்சை உருண்டை போடாதீர்கள், அதன் ஆவி லென்ஸில் படியும். மாதம் ஒரு தடவையாவது எடுத்துப் பத்து நிமிஷம் ஓட்டுங்கள்.

படம் கட்டம் கட்டமாக உடைகிறது

மினிடிவி கேசட் கேமராவில் சதுரங்களோ, ஒன்று விட்டு ஒன்றாகப் பட்டைகளோ தெரிந்தால், டேப்பைப் படிக்கும் ஹெட்டில் அழுக்கு. க்ளீனிங் கேசட்டைப் போட்டு 10 நொடி மட்டும் ஓட்டுங்கள். அதைப் பின்னோக்கிச் சுற்றக் கூடாது, சுற்றினால் எடுத்த அழுக்கே திரும்ப ஹெட்டுக்குப் போகும். இனி பதிவு செய்வதை எல்பி (நீண்ட நேரப் பதிவு) வேகத்தில் செய்யாமல் எஸ்பியில் (வழக்கமான வேகம்) செய்யுங்கள்.

கார்டு கேமராவில் அட்சதை தூவும்போதும் தண்ணீர் தெறிக்கும்போதும் மட்டும் உடைந்தால் பதிவுத் தரத்தைக் குறைத்து வைத்திருக்கிறீர்கள். ஏவிசிஎச்டி (எச்டி வீடியோவைக் கார்டில் சேமிக்கும் ஒரு முறை) கேமராக்களில் 24 எம்பிபிஎஸ் (நொடிக்கு 24 மெகாபிட்) முறையும் இருக்கும், 5 எம்பிபிஎஸ் முறையும் இருக்கும். "கார்டு நிறைய வரணும்" என்று யாராவது எல்பியில் போட்டிருப்பார்கள். உயர்ந்ததற்கு மாற்றுங்கள். 24 எம்பிபிஎஸ் என்றால் மணிக்கு ஏறக்குறைய 11 ஜிபி. 32 ஜிபி கார்டில் முக்கால் கல்யாணம் அடங்கும். கார்டு கிளாஸ் 10 ஆக இருக்கட்டும். நடைபாதையில் பாதி விலைக்கு வாங்கிய கார்டானால், விசேஷத்துக்கு முன்பே அதை முழுக்க நிரப்பி, திரும்ப ஓட்டிப் பாருங்கள்.

ஆடுகிறது, வளைகிறது, செங்குத்தாகக் கோடு விழுகிறது

ட்ரைபாடில் வைத்தால் ஸ்டெடிஷாட்டை (கை ஆட்டத்தைக் குறைக்கும் வசதி) அணையுங்கள். கேமராவைத் திருப்பும்போது ஒரு பொருள் சட்டத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் போக ஏழு நொடியாவது எடுக்கட்டும். லோக்கல் ரயில் ஜன்னலிலிருந்து எடுத்த மின்கம்பம் சாய்ந்து தெரிவது சிமாஸ் சென்சாரின் சுபாவம், திருத்த வழியில்லை. பழைய சிசிடி ரகச் சென்சார் கேமராவில் பளிச்சென்ற விளக்கின் மேலும் கீழும் வெள்ளைக் கோடு விழுவதும் அப்படித்தான். விளக்கைச் சட்டத்துக்கு வெளியே தள்ளுங்கள்.

கேமராவில் நன்றாக இருக்கிறது, மற்ற இடத்தில்தான் மோசம்

கம்ப்யூட்டரில் அசையும் கைகளின் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி கோடு தெரிந்தால், படம் 50i என்ற இன்டர்லேஸ் முறையில் இருக்கிறது. ஒவ்வொரு ஃப்ரேமும் இரண்டு பாதிகளாக, வேறு வேறு கணத்தில் எடுக்கப்பட்டது. விஎல்சி பிளேயரில் டீஇன்டர்லேஸை இயக்கி, யாடிஃப் 2எக்ஸ் முறையைத் தேர்ந்தால் போய்விடும். எடிட் செய்து சேமிக்கும்போதும் டீஇன்டர்லேஸ் செய்து நொடிக்கு 50 ஃப்ரேமாக வெளியிடுங்கள், அசைவின் வழவழப்பு குறையாது.

டிவியில் மட்டும் கெட்டால், மஞ்சள், வெள்ளை, சிவப்பு பின் கேபிளில் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். அந்த மஞ்சள் வழியாக எச்டி வரவே வராது. பிறகு டிவியின் விவிட் முறையை மாற்றி, ஷார்ப்னஸைக் குறையுங்கள். ஓரங்களில் தெரியும் வெள்ளைக் கோடும், எடுப்பாகத் தெரியும் புள்ளியும் அடங்கும்.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது சுருக்கித்தான் அனுப்பும். டாக்குமென்ட் என்று இணைத்தால் 2 ஜிபி வரை அப்படியே போகும். கார்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாற்றும்போது எம்டிஎஸ் கோப்புகளை மட்டும் பொறுக்காமல், ஏவிசிஎச்டி ஃபோல்டரை முழுசாக நகலெடுங்கள். நீளமான பதிவு பல துண்டாகத்தான் கார்டில் இருக்கும், அவற்றை இடைவெளியில்லாமல் கோக்கும் தகவல் அந்த ஃபோல்டரில் இருக்கிறது.

மினிடிவி கேசட்டை மாற்றுகிறவர்கள் பலர் யுஎஸ்பி கேபிளைச் செருகிவிட்டுப் படம் மோசம் என்கிறார்கள். பல மாடல்களில் யுஎஸ்பி வழியாக வருவது வெப்கேம் தரத்துப் படம். நம் ஊர் PAL கேசட்டில் உள்ளது 720க்கு 576 புள்ளி, அதை அப்படியே பெற ஐ.லிங்க் என்றும் அழைக்கப்படும் ஃபயர்வயர் துளைதான் வழி. ஒரு மணி நேரக் கேசட்டுக்கு 13 ஜிபி இடம் ஒதுக்குங்கள். புதிய லேப்டாப்பில் அந்தத் துளை இருக்காது. ஃபயர்வயர் கார்டு போட்ட பழைய மேசைக் கம்ப்யூட்டர் யாரிடமாவது இருந்தால், கேமராவின் ஹெட் ஓடும் நிலையில் இருக்கும்போதே எல்லாக் கேசட்டையும் ஏற்றிவிடுங்கள்.